என் கண் பட்ட வீடியோ கேம்

சித்தி வீட்டு வீடியோ கேம் கெட்டுப்போனதற்கு என் கண்தான் காரணம் என்று சித்தி இன்றைக்கும் நம்புகிறாள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோதுகூட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவ பாத்தா ஓடுத மிஷினும் நின்னு போவும்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, அவள் கழுத்தில் கிடந்த புதுச் சங்கிலியைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துவைத்தேன். அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு ஒரு தெருவிலும் சித்தி வீடு அதற்கு அடுத்த தெருவிலும் இருந்தன. சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. சித்தப்பா மஸ்கட்டில் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் ஒரு மாதம் அந்தத் தெரு முழுக்க அவர் கொண்டுவந்த சோப்பின் வாசனை அடிக்கும். பிறகு திருவனந்தபுரம் போய் விமானம் ஏறிவிடுவார், வாசனையும் பையப் பைய அடங்கிவிடும்.

அந்த வருஷம் வந்தபோதுதான் தன் ஒரே மகனுக்கு வீடியோ கேம் கொண்டுவந்தார். சித்தி மகன் என்னைவிட ஒரு வயது சின்னவன். சித்தப்பா லீவில் பாதி நாளை அந்தப் பெட்டியை டிவியோடு இணைப்பதிலேயே செலவழித்தார். எந்த வயரை எங்கே செருகுவது, டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினால் படம் விழும் என்று அவருக்கே பிடிபடவில்லை. படம் விழுந்த மறுவாரம் கிளம்பிப் போனார். வாசலில் கார் நின்றபோது சித்தி மகன் உள்ளே டாங்கிச் சண்டை ஆடிக்கொண்டிருந்தான். சித்தி இழுத்து வந்து டாட்டா காட்டவைத்தாள்.

எனக்குப் பொறாமை. இதை வேறு நல்ல வார்த்தை போட்டுப் பூசி மெழுக எனக்கு இஷ்டமில்லை. வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி, கேசட்டைச் செருக அதன் உச்சியில் ஒரு வாய், இரண்டு பக்கமும் வயர் வைத்த ஜாய்ஸ்டிக். ஒரு கேசட்டில் டாங்கி, ஒன்றில் கார் ரேஸ். அவ்வளவுதான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாம் சித்தி வீட்டு ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதல் ஜாய்ஸ்டிக் எப்போதும் அவன் கையில். இரண்டாவது ஜாய்ஸ்டிக் ஆள் மாறி ஆள் போய்க் கடைசியில் எனக்கு வரும். வந்ததும், "பைய அமுக்குக்கா, ஒடச்சிராத" என்பான். நான் இரண்டு தடவை அமுக்குவதற்குள் என் டாங்கியைச் சுட்டுவிட்டு ஜாய்ஸ்டிக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வான். சொந்த அக்காவைச் சுடுகிறானே என்று எனக்கு ஆங்காரமாக வரும்.

அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லலாம். அன்றைக்குக் காலையில் அப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துக் குறுக்குத்துறைக்குக் குளிக்கக் கூட்டிப்போவார். கம்பி உறுத்தாமல் இருக்க அதில் என் துண்டைச் சுற்றி வைத்திருப்பார். ஆற்றில் என் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து நீந்தவிட்டு, நான் பார்க்காதபோது கையை எடுத்துவிடுவார். அந்த வருஷம் ஆற்றுக்குள் இருக்கும் கல்மண்டபம் வரைக்கும் நானாக நீந்திப் போக வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் ஆறு கலங்கிப் பெருகிவிடும். அப்புறம் தை மாதம் வரைக்கும் படித்துறையில் உட்கார்ந்து செம்பால் மோந்து ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு முன்னால் மண்டபத்தைத் தொட்டுவிட வேண்டும்.

அப்பா மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஊழியர்களின் சம்பளப் பட்டியல் போடுகிற வேலை. ஆனால் எங்கள் தெருவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. மின்வாரியம் என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் அப்பா. இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று எது நின்றாலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்பாவும் எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை. திறந்து பார்ப்பார், திறந்ததை எப்படியாவது மூடிவிடுவார். சில சமயம் மூடியதும் ஓடும்.

சரஸ்வதி பூஜைக்குச் சித்தி வீட்டில் புத்தகங்களோடு ஆயுதங்களையும் அடுக்கினார்கள். அரிவாள்மனை, தையல் மிஷின், மிக்ஸி, சித்தப்பாவின் பழைய சூட்கேஸ், நடுநாயகமாக வீடியோ கேம். புருஷன் கடல் தாண்டி இருக்கிறார் என்பதால் சாமி காரியத்தில் சித்தி ஒரு குறையும் வைக்க மாட்டாள். சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பினாள். மற்ற சாமான்களுக்கு நெற்றி எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெட்டிக்கு மட்டும் பிடிபடவில்லை. கேசட் செருகுகிற வாயைச் சுற்றி ஈரச் சந்தனத்தைப் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கேசட்டுகளின் முனைக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள். தீபாராதனையின்போது எல்லோரும் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டேன். "இது எங்க வீட்ல இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்று வாய்விட்டும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. கும்பலாகப் போய் உட்கார்ந்தோம். அவன் கேசட்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டான். டிவியில் சாம்பல் நிறத்தில் வெறும் திரைதான் வந்தது. அது கண்ணை மூடித் திறப்பதுபோல் விட்டுவிட்டு மின்னியது. கேசட்டை எடுத்து ஊதிவிட்டுச் செருகினான். அதே மின்னல்தான். அடுத்த கேசட், அதுவும் அப்படியே. அவன் உதடு பிதுங்கியது. அடுக்களையிலிருந்து வந்த சித்தி டிவியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஜமுக்காளத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றாள்.

"கண்ணு பட்டுட்டு" என்றாள்.

மிளகாய் வற்றல், கல்லுப்பு, முச்சந்தி மண் எல்லாம் எடுத்து வந்து பெட்டிக்கும் டிவிக்குமாகச் சேர்த்துச் சுற்றி, அடுப்பில் போட்டாள். கண்ணேறு இருந்தால் மிளகாய் எரிந்தும் நெடி வராது, இல்லையென்றால் வீடே இருமும். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு பரிசோதனை கிடையாது. நான் அடுக்களை வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒரு தும்மல் வந்தால்கூட நான் தப்பித்துவிடுவேன். மிளகாய் சடசடவென்று வெடித்துக் கருகியது. தொண்டையில் ஒரு கரகரப்புகூட இல்லை. சித்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரின் பிரம்பை ஒரு பீரியட் முழுக்க முறைத்துப் பார்த்தேன். அது ஒடியவில்லை. பாடத்தைக் கவனிக்கவில்லை என்று அதே பிரம்பால் எனக்கு அடி விழுந்தது.

விஷயம் அம்மா காதுக்குப் போனதும் அக்காள் தங்கைக்குள் பேச்சு தடித்துவிட்டது. "எம்பிள்ளைக்கு என்ன கொள்ளிக்கண்ணா? வாயில வந்ததப் பேசுதாளே" என்று அம்மா பொரிந்து தள்ளினாள். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "நீங்க போயி அதச் சரிபண்ணிக் குடுத்துட்டு வாங்க. அப்பத்தான் அவ வாய அடைக்க முடியும்" என்றாள். அப்படித்தான் அப்பாவை அம்மாவே அங்கே அனுப்பிவைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகவில்லை. திருப்புளி, டார்ச், ஒரு டார்ச் பல்பில் வயர் சுற்றியது, பழைய பல் துலக்கும் பிரஷ், ஸ்பிரிட் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அப்பா கிளம்பினார். நானும் கூடப் போனேன். எனக்கு என் பேர் மீள வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. எதைத் திறந்தாலும் முதலில் ஒன்றுமே செய்ய மாட்டார். "ஒரு நேரத்துல ஒண்ணத்தான் வெலக்கிப் பாக்கணும்" என்பார். டிவியில் செய்தி வருகிறதா என்று பார்த்தார், வந்தது. அப்படியானால் டிவியில் கோளாறு இல்லை. அடாப்டர் முனையில் டார்ச் பல்பை வைத்தார், எரிந்தது. அடாப்டரும் நல்லது. இரண்டு கேசட்டும் ஒரே மாதிரி மின்னுவதால் கேசட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது பெட்டியின் வாய். ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சித்தி மகன் அவர் முழங்காலை உரசிக்கொண்டு உட்கார்ந்து, கழற்றிய ஆணிகளை ஒரு எவர்சில்வர் தட்டில் வாங்கி வரிசையாக வைத்தான். "ஏலே, டார்ச்ச இங்கன காட்டு" என்று அப்பா சொன்னபோது அவன் முகமெல்லாம் சிரிப்பாக டார்ச்சை நீட்டினான். கேம் ஓடப்போகிற சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

வாய்க்குள் பித்தளைக் கம்பிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் இடுக்கெல்லாம் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது. அப்பா பிரஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். கேசட்டின் முனைகளை என் ரப்பரால் அழித்துச் சுத்தம் செய்தார். மூடி ஸ்விட்சைப் போட்டதும் டாங்கி வந்து நின்றது.

"ஒண்ணுமில்லம்மா. சந்தனம் உள்ள எறங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்றார் அப்பா.

சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "சாமிக்கு வச்ச சந்தனம் எப்படி அத்தான் கெடுதி பண்ணும்? கண்ணு பட்டதுதான். நான் சுத்திப் போட்டேம்லா, அதான் உங்க கைக்குச் சரியாயிட்டு" என்றாள். சந்தனம் விடுதலை ஆகிவிட்டது, என் கண் ஆகவில்லை. அன்றைக்கே பெட்டியின் மூலையில் கண்மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள். கேம் ஓடும்போது நான் அந்த அறைக்குள் வரக் கூடாது என்று தெருப் பிள்ளைகள் காதிலும் போட்டுவைத்தாள். வேண்டுமானால் அடுக்களையில் உட்கார்ந்து அவளுக்குப் பூக்கட்டித் தரலாம்.

நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. எனக்கு ஆற்றுக்குப் போனால் போதும். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் சித்தி மகன் எங்கள் வாசலில் வந்து நின்றான். "பெரியப்பா, கேம் ஓடல."

அந்த ஞாயிறும் போயிற்று. அடாப்டர் வயர் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் விட்டுப்போயிருந்ததாம். அதற்கடுத்த சனிக்கிழமையும் அவன் வந்தான். படம் வருது, சத்தம் வரல என்றான். அப்புறம் சத்தம் வந்தது, படம் மேலும் கீழுமாக உருண்டது. வாராவாரம் புதுசு புதுசாக ஒரு கோளாறு. நான் அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. ஆனாலும் "போன வாரம் பாத்த பார்வை இன்னும் எறங்கல" என்று சித்தி சொல்வதாகச் செய்தி வந்தது.

அப்பாவுக்கு அலுக்கவேயில்லை. ஜங்ஷனில் ஒரு கடையில் வயரும் பின்னும் வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிப்போக ஆரம்பித்தார். ஒரு நாள் நான் வாசலில் நிற்கும்போது அப்பாவின் சைக்கிள் எங்கள் தெருவைக் கடந்து போனது. முன்கம்பியில் அவன் உட்கார்ந்திருந்தான். என் துண்டின்மேல். ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெல்லை அடித்துக்கொண்டே போனான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவன் வீட்டில் வீடியோ கேம் இருந்ததற்கு நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமேயில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சாப்பிடும்போது அப்பா, "அவன் கெட்டிக்காரப் பயலாக்கும். நான் சொல்லுததுக்கு முன்னால புரிஞ்சுக்கிடுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் மோரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். ஏன் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை.

மேற்கே பாபநாசம் பக்கம் மழை பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஐப்பசி பிறந்திருந்தது. இன்னும் ஒரு ஞாயிறு, மிஞ்சிப் போனால் இரண்டு. அதற்குள் அந்தப் பெட்டி கெடாமல் இருக்க வேண்டும். கெடட்டும் என்று முன்பு வேண்டிக்கொண்ட அதே பிள்ளையாரிடம் போய், அது நன்றாக ஓட வேண்டும் என்று தோப்புக்கரணம் போட்டேன். அவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

கடைசியில் அப்பாவின் முறையை நானே கையில் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கினேன். டிவி நல்ல டிவி, சித்தி தினமும் அதில் நாடகம் பார்க்கிறாள். கரண்டு நல்ல கரண்டு. என் கண் அந்த வீட்டிலேயே இல்லை, அதனால் அதையும் விலக்கினேன். விலக்கியதும் நெஞ்சு லேசானது. திங்கள் முதல் வெள்ளி வரை ஓடுகிற பெட்டி சனிக்கிழமை மட்டும் ஏன் நிற்கிறது? தெருப் பிள்ளைகளை விசாரித்தேன். சனிக்கிழமை மத்தியானம் வரை எல்லோரும் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அதற்குப் பிறகு பெட்டியோடு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

அந்தச் சனிக்கிழமை உடன்குடியிலிருந்து தெரிந்தவர்கள் யாரோ கருப்பட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். சண்டை சண்டையாக இருந்தாலும் தங்கைக்குப் பங்கு போக வேண்டும் என்று அம்மா ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தனுப்பினாள். போனபோது சித்தி புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் முன்பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் எவர்சில்வர் தட்டு. அதில் ஆணிகள் வரிசையாக, அப்பா வைப்பது போலவே. ஜாய்ஸ்டிக் திறந்து கிடந்தது. பொத்தான்களுக்கு அடியில் இருக்கிற சின்ன ரப்பர் ஒன்றை விரல் நுனியால் எடுத்து, தன் பென்சில் டப்பாவுக்குள் போட்டு மூடினான். ஆணிகளைத் திரும்ப முடுக்கினான். ஸ்விட்சைப் போட்டு ஆடிப் பார்த்தான். கார் இடது பக்கம் திரும்பவே இல்லை, நேரே போய் மோதியது. அவன் திருப்தியாகத் தலையாட்டினான். பிறகு எழுந்து சட்டை மாற்றி, பவுடர் போட்டு, கண்ணாடி முன் நின்று தலையைப் படிய வாரிக்கொண்டு எங்கள் வீட்டை நோக்கி நடந்தான். நான் கருப்பட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி சுவர் ஓரமாக நின்றிருந்தேன்.

அவன் எதற்காக அப்படிச் செய்கிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழியை என் தலையில் போட்டு, நான் அந்தப் பெட்டியைத் தொடவிடாமல் செய்வதற்குத்தான். என்ன கெட்ட பையன் என்று நினைத்தேன். அவனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் கருப்பட்டியைக் கொடுக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் என்மேல் பழி விழுந்தது எல்லோர் முன்னாலும். அது கழுவப்படுவதும் எல்லோர் முன்னாலும் நடக்க வேண்டும். ஞாயிறு காலை அப்பா மஞ்சள் பையோடு கிளம்பியபோது நானும் பின்னாலேயே போனேன். சித்தி என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நான் நேராக உள்ளே போய் ஜமுக்காளத்தின் நடுவில் உட்கார்ந்தேன்.

அப்பா வழக்கம்போல் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்து ஜாய்ஸ்டிக்கைத் திறந்தார். "இதுல ஒரு ரப்பரு இருக்கணுமேலே, காணமே" என்றார். சித்தி மகன் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது அவன் பென்சில் டப்பால இருக்குப்பா. நேத்து அவனே எடுத்து ஒளிச்சு வச்சான். நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். வாராவாரம் அவனேதான் கெடுக்கான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், புறவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

சித்தி அவன் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப் பென்சில் டப்பாவை எடுத்துத் திறந்தாள். கறுப்பு ரப்பர் தரையில் விழுந்து உருண்டது. அவள் முகம் சிவந்துவிட்டது. மூலையில் கிடந்த விளக்குமாறை எடுத்தாள். "அப்பன் அங்க வெயில்ல கெடந்து சம்பாதிச்சு அனுப்புதாக, நீ இங்க இருந்துக்கிட்டு…" என்று ஓங்கினாள். அவன் ஓடவில்லை, அழவும் இல்லை. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டான்.

அப்பா எழுந்து நடுவில் நின்றார். "நில்லும்மா. அத எடுத்து வைக்கச் சொன்னது நான்தான். தேஞ்சு போச்சு, அதே மாதிரி கடையில பாத்து வாங்கணும், பத்திரமா வையின்னு போன வாரம் சொன்னேன். மறந்துட்டேன்."

பச்சைப் பொய். போன வாரம் அப்பா ஜாய்ஸ்டிக்கைத் திறக்கவே இல்லை, டிவியைத்தான் திருப்பிக்கொண்டிருந்தார் என்று அவரே வந்து அம்மாவிடம் சொல்லியிருந்தார். "இல்லப்பா, நீங்க…" என்று நான் ஆரம்பித்தேன்.

"ஏட்டி, சும்மா இரி" என்றார் அப்பா.

நாலு பேர் முன்னால் அப்பா என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சித்தி விளக்குமாறைக் கீழே போட்டுவிட்டு, "நெனச்சேன். எம்பிள்ளைய மாட்டிவிடப் பாக்கா" என்றாள். நான் உண்மையைச் சொன்னவள். ஒவ்வொன்றாக விலக்கி, அப்பாவின் முறைப்படியே கண்டுபிடித்தவள். அதற்கு எனக்குக் கிடைத்தது இது. நான் ஆத்திரத்தில் ஓவென்று அழுதேன். அப்பா என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. அந்த ரப்பரை எடுத்து வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சின்னஞ்சிறு ரப்பர், அதற்கு அத்தனை துடைப்பு தேவையே இல்லை. பிறகு அவனைப் பார்த்து, "ஒனக்கு நீச்சல் தெரியுமாலே?" என்று கேட்டார்.

"தெரியாது பெரியப்பா."

"துண்ட எடுத்துட்டு வா."

மூன்று பேரும் குறுக்குத்துறைக்குப் போனோம். அவன் சின்னவன் என்பதால் முன்கம்பி அவனுக்கு. நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்து, அப்பாவின் முதுகைப் பிடிக்காமல் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். படித்துறையில் இறங்கிப் பார்த்தால் ஆறு கலங்கிச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நாலு படி தண்ணீருக்குள். கல்மண்டபத்தின் பாதித் தூண் மறைந்திருந்தது. "இந்த வருசம் அவ்வளவுதான்" என்றார் அப்பா. மேல்படியில் உட்காரவைத்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் செம்பால் மோந்து ஊற்றினார். அவன் ஒவ்வொரு செம்புக்கும் மூச்சு முட்டிச் சிரித்தான். என் மண்டபத்தை முழுங்கிவிட்டுச் சிரிக்கிறான் என்று எனக்கு இருந்தது. வீட்டுக்கு வரும் வரையிலும் நான் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் வந்தான். அந்தப் பெட்டி அதற்கப்புறம் கெடவே இல்லை. தான் வைத்த மைப்பொட்டின் மகிமை என்றாள் சித்தி. அப்பா தனியே கூப்பிட்டு மிரட்டியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் என்னை உள்ளே விடவும் செய்தார்கள். முதல் ஜாய்ஸ்டிக்கை அவனே என் கையில் கொடுத்து, "நீ ஆடுக்கா" என்றான். ஆசை தீர ஆடினேன். ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. இதற்காகவா சோறு இறங்காமல் கிடந்தோம் என்று எரிச்சலாக வந்தது. தை கழிந்து ஆறு தெளிந்ததும் கல்மண்டபத்துக்கு நீந்திப் போனேன். எனக்கு முன்னால் அவன் அப்பாவின் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டான். மண்டபத்தில் ஏறி நின்று எனக்குக் கை வேறு கொடுத்தான். நான் அதைப் பிடிக்காமல் ஏறினேன்.

அடுத்த சித்திரையில் சித்தப்பா வந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர் அந்தத் தடவை முன்னதாகவே வந்துவிட்டார். நாங்களெல்லாம் சித்தி வீட்டில் கூடியிருந்தோம். வந்து இறங்கியதும் காபிகூடக் குடிக்காமல் கூடத்தில் உட்கார்ந்து சூட்கேஸைத் திறந்தார். புதுக் கேசட்டுகள், ரிமோட்டில் ஓடுகிற ஒரு கார், இன்னும் என்னென்னவோ. எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே திரும்பி வந்தது. சித்தப்பா காரைக் கையில் எடுத்து நீட்டி, "வாலே, இங்கன வா" என்று மகனைக் கூப்பிட்டார்.

அவன் போகவில்லை. அப்பாவின் பின்னால் போய் ஒளிந்து நின்று, அவர் வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். அப்பா அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளப் பார்த்தார். அவன் கையை விடவில்லை. "அது எங்க அப்பா வேட்டி, விடுலே" என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சித்தப்பா சிரித்தார்.

"சரி, அந்த கேமு நல்லா ஓடுதாலே? கெட்டு கிட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

"கெட்டா பெரியப்பா பாத்துக்கிடுவாக" என்றான் அவன், வேட்டிக்குப் பின்னாலிருந்தே.

சித்தப்பா காரைத் தரையில் வைத்தார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து புறவாசலுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சூட்கேஸின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சித்தி என் கையில் ஒரு துண்டைக் கொடுத்துப் போகச் சொன்னாள். எனக்கோ சூட்கேஸில் என் பங்குக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மனசில்லாமல் எழுந்து போனேன்.

சித்தப்பா குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். மஸ்கட்டில் ஆறு குளம் எதுவும் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பாவம், நம் ஆற்றுத் தண்ணீரைக் கண்டு ரொம்ப நாளாயிற்று, அந்த ஆசையில்தான் இவ்வளவு நேரம் கழுவுகிறார் என்று நினைத்தேன்.

"தண்ணி எங்கயும் போயிராது சித்தப்பா, தொடச்சிக்கிட்டு வாங்க" என்று துண்டை நீட்டினேன்.